பூட்டான் கொடியில் வெள்ளை டிராகன்

பூட்டானின் தேசியக் கொடி முதன்முதலில் தைக்கப்பட்டபோது சதுரமாக இருந்தது. மூலைவிட்டமாகப் பிரிந்த துணியில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி சிவப்பு, நடுவில் பச்சை நிற டிராகன். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பச்சை வெள்ளையாயிற்று, சதுரம் செவ்வகமாயிற்று, சிவப்பு ஆரஞ்சாயிற்று. எட்டு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு மலைநாடு தன் கொடியை இத்தனை முறை ஏன் திருத்தியது என்று தேடப்போய், அந்த நாட்டின் எழுபது ஆண்டு வரலாற்றுக்குள் போய் நின்றேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால், இந்தக் கொடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கேள்வி இருந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியிருந்தது இந்தியா. 1910ஆம் ஆண்டு புனாக்கா ஒப்பந்தப்படி பூட்டானின் வெளியுறவு ஆங்கிலேயரின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1947இல் அவர்கள் கிளம்பிப் போனதும், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய யூனியனில் கரைந்துகொண்டிருந்தன. பூட்டான் சமஸ்தானமா, தனி நாடா? ஆங்கிலேயர் அதைத் தெளிவாகச் சொல்லாமலே போய்விட்டார்கள். அந்தக் குழப்பத்துக்கு 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி டார்ஜிலிங்கில் ஒரு முடிவு வந்தது. பூட்டானின் உள்விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று இந்தியா ஒப்புக்கொண்டது. வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனையை ஏற்பதாகப் பூட்டான் ஒப்புக்கொண்டது. ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த தேவாங்கிரிப் பகுதியில் 32 சதுர மைல் நிலம் திரும்பக் கிடைத்தது. இரண்டாவது மன்னர் ஜிக்மே வாங்சுக்கின் விருப்பப்படி உருவான கொடி வெளியில் தெரிந்தது இந்த ஒப்பந்தத்தின்போதுதான். நாங்கள் ஒரு நாடாக வந்து கையெழுத்துப் போடுகிறோம் என்று காட்ட அப்போது ஒரு கொடி தேவைப்பட்டது.

கொடியை வடிவமைத்தவர் மாயும் சோயிங் வாங்மோ தோர்ஜி என்ற பெண்மணி. 1947இலேயே வடிவத்தைத் தீர்மானித்துவிட்டார் என்று பூட்டானின் பதிவுகள் சொல்கின்றன. அவருடைய கணவர் சோனம் தோப்கே தோர்ஜி காலிம்போங்கில் இருந்தபடி பூட்டானின் வெளி விவகாரங்களைக் கவனித்தவர்; டார்ஜிலிங்கில் பூட்டான் தரப்பில் கையெழுத்திட்ட குழுவின் தலைவரும் அவரே. ஆக, ஒப்பந்தமும் கொடியும் ஒரே வீட்டிலிருந்து போயிருக்கின்றன. அரண்மனையில் அப்போது இருந்த மிகச் சில ஓவியர்களில் ஒருவரான லாரிப் தாவ் தாவ் அதைத் துணியில் கொண்டுவந்தார்.

மாயும் சோயிங் வாங்மோ பிறந்தது சிக்கிம் அரச குடும்பத்தில். எனக்கு இந்தக் கதையில் மிகவும் கனமாகப்படும் இடம் இது. சிக்கிமுக்கும் அழகான ஒரு கொடி இருந்தது. வெள்ளைத் துணி, சிவப்பு ஓரம், நடுவில் தர்மச் சக்கரம். 1950இல் சிக்கிம் இந்தியாவின் பாதுகாப்பில் உள்ள அரசாயிற்று. 1975 மே மாதம் இந்தியாவின் 22ஆவது மாநிலமாயிற்று. அவர் பிறந்த வீட்டின் கொடி இறங்கிவிட்டது. புகுந்த வீட்டுக்காக அவர் வரைந்த கொடி, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1971 செப்டம்பர் 21 அன்று பூட்டான் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரானபோது நியூயார்க்கில் ஏறியிருந்தது. பக்கத்துப் பக்கத்து மலைகள், ஒரே பௌத்தம், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்த அரச வீடுகள். ஒரு கொடி நின்றது, ஒரு கொடி இறங்கியது. கொடி இருந்தால் நாடு பிழைத்துவிடும் என்று இதிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பூட்டான் அரசர்கள் கொடி விஷயத்தில் காட்டிய அவசரமும் கவனமும் எங்கிருந்து வந்தன என்பது புரிகிறது.

டிராகனுக்கு வருகிறேன். அது கொடிக்காகக் கண்டுபிடித்த சின்னமில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் திபெத்தில் சாங்பா கியாரே என்ற பௌத்த குரு ஒரு மடம் நிறுவ இடம் தேடிப் போனபோது வானில் இடி முழங்கியது. இடி என்பது டிராகனின் குரல் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதை நல்ல நிமித்தமாகக் கொண்டு, அவர் வழி வந்த மரபு ‘ட்ருக்பா’ என்று டிராகனின் பெயரையே சூடிக்கொண்டது. 1616இல் அந்த மரபைச் சேர்ந்த ஷப்துருங் நவாங் நாம்கியால், திபெத்தின் ராலுங் மடத்தில் ஏற்பட்ட வாரிசுச் சண்டையால் தெற்கே இறங்கி வந்தார். சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை அவர் ஒன்றாக்கினார். ஜோங் எனப்படும் கோட்டை மடங்களைக் கட்டினார். ஆட்சியை இரண்டாகப் பிரித்தார்: சமயத்துக்கு ஜே கென்போ என்ற தலைமைத் துறவி, உலக விவகாரங்களுக்கு தேசி என்ற ஆட்சியாளர். நாடு ‘ட்ருக் யுல்’, டிராகனின் நிலம் ஆயிற்று. 1907இல் உக்யேன் வாங்சுக் புனாக்காவில் முடிசூடி மன்னராட்சி தொடங்கியபோது தேசியின் இடத்துக்கு மன்னர் வந்தார். இரட்டை ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. கொடியில் இரண்டு நிறங்கள் இருப்பதற்கு மூலம் இந்த ஏற்பாடு. மஞ்சள் பாதி மன்னரின் அதிகாரம், இன்னொரு பாதி பௌத்த சமயம்.

1949இல் டிராகன் பச்சையாக இருந்ததற்கும் மரபுதான் காரணம். சமய நூல்கள் அதை நீலப்பச்சை டிராகன் என்றே சொல்லிவந்தன. அப்போது அது கொடியின் அடி விளிம்புக்கு இணையாக, நடுவில் படுத்த நிலையில் இருந்தது.

முதல் திருத்தம் 1956இல். அதற்குள் மூன்றாவது மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் அரியணைக்கு வந்திருந்தார். 1952 முதல் 1972 வரை இருபது ஆண்டுகள் ஆண்ட இவர்தான் இன்றைய பூட்டானின் சிற்பி. 1953இல் தேசிய சபையைத் தொடங்கினார், அடிமை முறையை ஒழித்தார், சாலையே இல்லாத நாட்டுக்குச் சாலை கொண்டுவந்தார். 1956இல் அவர் கிழக்குப் பூட்டானுக்குச் சுற்றுப்பயணம் கிளம்பியபோது வண்டிச்சாலை ஏது? நூறு பேருக்கு மேற்பட்ட பரிவாரம் குதிரைகளோடு மலைப்பாதையில் போயிற்று. இந்தப் பயணத்துக்காக, 1949 கொடியின் புகைப்படத்தைப் பார்த்துப் புதிய கொடிகள் தைத்தார்கள். ஊர்வலக் குதிரையின் சேணத்தில் ஒரு சிறிய கொடி. இரவு தங்கும் முகாம்தோறும் ஒன்பதடிக்கு ஒன்பதடியில் பெரிய கொடி, ஊதுகொம்பு முழங்க ஏற்றப்பட்டது.

இந்தப் பயணத்தை நான் அடிக்கடி மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். மேற்குப் பூட்டானில் பேசும் மொழி ஜோங்க்கா. கிழக்கே போனால் ஷார்சோப் மக்களின் சாங்லா. நடுவில் பும்தாங் பக்கம் வேறு மொழி. ஒரு மலைமுகட்டைக் கடந்தால் பேச்சு மாறிவிடும் நாடு அது. பல கிராமத்தார் தங்கள் நாட்டின் கொடியை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் குதிரையின் மேல்தான் இருந்திருக்க வேண்டும். 1949இல் அயலாருக்காகச் செய்த கொடி, ஏழு ஆண்டுகள் கழித்து, சொந்த மக்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போனது. டிராகன் வெள்ளையானது இந்தப் பயணத்துக் கொடிகளில்தான்.

இரண்டாவது திருத்தம் 1960களின் கடைசியில் வந்தது. இந்தியத் தலைவர்கள் வருவதும் இந்தியக் கொடியும் பூட்டான் கொடியும் அருகருகே பறப்பதும் வழக்கமாகிவிட்ட காலம். நேரு 1958இல் மலைப்பாதை வழியாகவே வந்து போயிருந்தார். 1962இல் இந்திய எல்லையிலுள்ள புன்ட்ஷோலிங்கையும் தலைநகர் திம்புவையும் இணைக்கும் சாலை வந்தது. 1968இல் இந்திரா காந்தி வந்தார். இரண்டு கொடிகளும் பக்கத்தில் நின்றபோது, சதுரக் கொடி இந்தியக் கொடி அளவுக்குப் படபடக்கவில்லை என்பது கண்ணுக்குப் பட்டது. அதனால் இந்தியக் கொடியின் அளவையே எடுத்துக்கொண்டார்கள்: ஒன்பதடி நீளம், ஆறடி உயரம். கூடவே மன்னரின் உத்தரவுப்படி சிவப்பு ஆரஞ்சாக மாறியது. டிராகனும் எழுந்து, மூலைவிட்டக் கோட்டின் மேலேயே சாய்வாக ஏறிக்கொண்டது.

படபடப்பதற்காகக் கொடியின் வடிவத்தையே மாற்றுவதா என்று தோன்றலாம். எனக்கு இது மிகவும் நியாயமான காரணமாகத் தோன்றுகிறது. கம்பத்திலிருந்து தள்ளிப் போகப்போகத்தான் துணிக்கு அலையும் இடம் கிடைக்கிறது. உயரத்தைவிட நீளம் கூடுதலான துணியில்தான் அலை முழுதாக ஓடி முடிகிறது. சதுரக் கொடி சுவரில் மாட்டினால் தங்கா எனப்படும் பௌத்தத் துணி ஓவியம் மாதிரி கம்பீரமாக இருக்கும், காற்றில் கனத்துத் தொங்கும். உலகத்தில் இன்று சுவிட்சர்லாந்தும் வத்திக்கானும் மட்டுமே சதுரக் கொடி வைத்திருக்கின்றன. சீனாவின் சிங் பேரரசும் இதே மாதிரி ஒரு நிர்ப்பந்தத்துக்கு ஆளானது. அவர்களுடைய மஞ்சள் டிராகன் கொடி முதலில் முக்கோணமாக இருந்து, மற்ற நாடுகளின் கொடிகளோடு பொருந்துவதற்காக 1889இல் செவ்வகமானது. பூட்டான் மாற்றிக்கொண்டது அளவை. உள்ளே இருக்கும் பொருளை அது விட்டுக்கொடுக்கவில்லை.

கொடி விதிகளை 1972இல் தேசிய சபை வகுத்தது. 2008இல் வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை கொடியின் விளக்கத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அந்த விளக்கத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். மஞ்சள் பாதி அடியைத் தொட்டு மேலே விரிகிறது. ஆரஞ்சுப் பாதி மேல்முனை வரை நீண்டு போகிறது. இரண்டில் எதுவும் மற்றதற்கு மேலே முழுதாக உட்கார்ந்துவிடவில்லை. மஞ்சள், சமயத்தையும் உலகியலையும் தாங்கும் மன்னர். ஆரஞ்சு, பௌத்தம், குறிப்பாகக் காக்யூ, ஞிங்மா மரபுகள். இரண்டும் சந்திக்கும் கோட்டை டிராகன் முழுமையாக அழுத்திப் பிடித்திருக்கிறது. நகங்களில் பற்றியிருக்கும் மணிகள் நாட்டின் செல்வமும் மக்களின் பாதுகாப்பும். சீறித் திறந்த வாய், நாட்டைக் காக்கும் தெய்வங்களின் வலிமை.

வடிவமைப்பாக இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கொடி என்றால் ஒரு குழந்தை நினைவிலிருந்து வரையும்படி எளிமையாக இருக்க வேண்டும் என்பது கொடி ஆர்வலர்கள் பலரும் சொல்லும் விதி. செதில், மீசை, நகம், நெளிவு என்று இத்தனை நுணுக்கம் உள்ள டிராகனை எந்தக் குழந்தையும் நினைவிலிருந்து வரைந்துவிடாது. ஆனால் ஒருமுறை பார்த்த குழந்தை மறக்கவும் மறக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சூடான நிறங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை மின்னல் தெரியும், கிட்டே போனால் அது உயிருள்ள ஒரு பிராணியாகும். தூரத்துக்கு ஒரு வடிவம், நெருக்கத்துக்கு ஒரு வடிவம் என்று இரண்டும் கூடிவந்த கொடிகள் மிகக் குறைவு.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். இலங்கைக் கொடியின் சிங்கமும் வேல்ஸ் கொடியின் சிவப்பு டிராகனும் கம்பத்தைப் பார்த்து நிற்கின்றன. ஐரோப்பியப் படைகளில் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னேறும்போது விலங்கு முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் அது. பூட்டானின் டிராகன் கம்பத்துக்கு முதுகைக் காட்டி, பறக்கும் பக்கத்தைப் பார்க்கிறது. அதன் தலை, துணியில் மிக அதிகமாக அலையும் மேல்மூலையில் இருக்கிறது. காற்று அடிக்கும்போது முதலில் அசைவது அந்தத் தலைதான்.

திம்புவில் தாஷிச்சோ ஜோங்கின் முன்னால் மாலையில் கொடி இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். அலுவலகங்கள் முடிந்த பிறகு வெளியூர்க்காரர்களை உள்ளே விடுவார்கள். காவலர்கள் வரிசையாக வருவார்கள், கொடி மெதுவாக இறங்கும், மடித்து எடுத்துப் போவார்கள். அந்த மடிப்பில் இருந்த கவனத்தைப் பார்த்தபோது, அதே ஊரைச் சுற்றி மலைமுகடுகளில் பறந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பிரார்த்தனைக் கொடிகள் நினைவில் ஓடின. அவற்றை யாரும் இறக்குவதில்லை. காற்று மந்திரங்களைச் சுமந்து போகப்போகத் துணி வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து, அங்கேயே மறைந்துபோவதுதான் அவற்றின் பயன். இறந்தவர்களுக்காக 108 நெட்டைக் கம்பங்களில் வெள்ளைக் கொடி நடுகிறார்கள். இப்படிக் கொடிகளுக்குள்ளேயே வாழ்ந்த மக்களுக்கு, இறக்கி மடித்துப் பத்திரப்படுத்த வேண்டிய ஒரு கொடி புதிது.

ஜோங்குக்குள் நுழையும் பூட்டானிய ஆண் ஒவ்வொருவரும் தோளில் ‘கப்னே’ என்ற நீளத் துண்டைப் போட்டிருக்க வேண்டும். மன்னருக்கும் ஜே கென்போவுக்கும் மஞ்சள். அமைச்சர்களுக்கு ஆரஞ்சு. சாதாரணக் குடிமக்களுக்கு வெள்ளை. கொடியின் மூன்று நிறங்களும் அப்படியே தோள்களில் நடமாடுகின்றன. கொடியை வரைந்தவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. என் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே கோட்டை அழுத்திப் பிடித்திருப்பது மக்களின் வெள்ளை.

வெள்ளைக்கு அரசியலமைப்புச் சட்டம் தரும் விளக்கமும் இதையே சொல்கிறது: பல இனங்களிலிருந்தும் பல மொழிகளிலிருந்தும் வந்தவர்களாயினும், நாட்டின்மீது பற்றும் உரிமையுணர்வும் கொண்ட மக்களின் மாசற்ற எண்ணமே வெள்ளை டிராகன். ஒரு நாடு தன் கொடியைப் பற்றி எழுதியவற்றில் இதைவிட உயர்ந்த வாக்கியத்தை நான் படித்ததில்லை. அதனாலேயே அடுத்து வருவதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையை எழுத முடியவில்லை.

தெற்குப் பூட்டானின் அடிவாரத்தில் நேபாளி பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தார்கள். லோட்சாம்பா, தெற்கத்தியார் என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலோர் இந்துக்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை தந்தது. 1985இல் வந்த புதிய குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1988இல் நடந்த கணக்கெடுப்பும் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டன. 1958இல் இங்கே இருந்ததற்குச் சான்று கொண்டு வா என்றார்கள். 1957இன் ரசீதும் செல்லவில்லை, 1959இன் ரசீதும் செல்லவில்லை என்று அகதிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1989இல் வடக்கத்தியரின் உடையான கோ, கிரா எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிகளிலிருந்து நேபாளி மொழி எடுக்கப்பட்டது. 1990இல் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன, கைதுகளும் சித்திரவதைகளும் தொடர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்ட முகாம்களில் இருந்தார்கள். நாட்டு மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு என்று சொல்லப்படும் அளவு அது. பூட்டான் அரசு இவர்களைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்றும் தாமாகவே வெளியேறியவர்கள் என்றும் சொல்லிவருகிறது. நேபாளத்தோடு பல சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்தியும், முகாம்களிலிருந்து எவரையும் திரும்ப ஏற்கவில்லை.

2007 முதல் அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள், பெரும்பகுதி அமெரிக்காவில். சில ஆயிரம் பேர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். 2025இல் அமெரிக்கா அவர்களில் சிலரை நாடு கடத்திப் பூட்டானுக்கே அனுப்பியது. பாரோ விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களைப் பூட்டான் வைத்துக்கொள்ளவில்லை, இந்திய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து நேபாளம் போய்ச் சேர்ந்தவர்களில் சிலர், சிறுவயதில் வளர்ந்த அதே முகாம்களுக்குத் திரும்பினார்கள்.

பூட்டானைப் பற்றிய கட்டுரைகளில், வளர்ச்சியை மக்களின் மகிழ்ச்சியால் அளக்கும் மகிழ்ச்சிக் குறியீடும் காடுகளும் கரியமிலக் கணக்கும் வந்துவிடும், இது வராது. மகிழ்ச்சிக் குறியீடு பொய் என்பது என் வாதமல்ல. அந்த நாட்டின் காடுகளையும், மன்னர் தானாக முன்வந்து அதிகாரத்தைப் பகிர்ந்து 2008இல் தேர்தல் நடத்திய பெருந்தன்மையையும் நான் மதிக்கிறேன். சிக்கிமின் கதி அவர்களை உலுக்கியிருக்கும் என்பதும் தெரியும். அங்கே நேபாளி பேசுவோர் பெரும்பான்மையானதைத் திம்பு அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அந்த அச்சத்துக்காக ஓர் உழவன் தன் முப்பது வருட வரி ரசீதைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்து, கிடைக்காமல், எல்லை தாண்டிப் போனதற்கு நியாயம் இல்லை.

ஒரே சட்டப் புத்தகத்தில் இரண்டும் இருக்கின்றன. முதல் அட்டவணை, பல மொழி பேசும் மக்களின் மாசற்ற எண்ணம் வெள்ளை டிராகன் என்கிறது. ஆறாவது பிரிவு, 1958 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ பூட்டானில் வசித்து, அரசின் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பதிவின்வழிக் குடிமகன் என்கிறது. நேபாளத்தின் பெல்டாங்கி முகாமில் இன்றும் காத்திருக்கும் முதியவர்களில், 1958க்கு முன்பே தெற்குப் பூட்டானின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்து ஓடியாடியவர்கள் உண்டு. அவர்களில் உயிரோடு இருப்பவர்களையாவது பூட்டான் அரசு அழைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டத்தில் பதிவேட்டைப் பற்றிய அந்த ஒரு நிபந்தனையைத் திருத்த வேண்டும். கொடியை இரண்டு முறை திருத்திய அரசுக்கு அது பெரிய வேலையில்லை.